நீல மூடி மருந்து

அத்தியாயம் 7

“சார், யாரோ பவுடர் டப்பாவைத் திறந்து ஃபேனுக்கு அடியில வெச்சுட்டாங்க போல” என்றாள் சாஜிதா பேகம், திராட்சைப் பந்தலை அண்ணாந்து பார்த்து.

துப்பறியும் வரதராஜுலு பதிலுக்குத் தும்மினார். காந்திபுரத்தில் இரண்டாவது மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் மனிதர். வெண்டைக்காயைக்கூட ஒடித்துப் பார்த்து வாங்கத் தெரியாதவர் என்பது அவருடைய உதவியாளரான சாஜிதாவின் நிரந்தரக் குற்றச்சாட்டு. அப்பேர்ப்பட்டவரைத் தோட்டத்துக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் தும்மாமல் என்ன செய்வார்?

அவர்களுக்குப் பின்னால் செவ்வந்தி நின்றாள். பந்தல் முழுக்க இலைகள் சாம்பல் பூத்துக் கிடந்தன. பன்னீர் திராட்சைக் கொத்துகளின் மேலும் அதே வெள்ளை. சில காய்கள் வெடித்து உள்ளே விதை தெரிந்தது. வேறு சமயமாக இருந்தால் ஐயோ என்று நெஞ்சில் கை வைத்திருப்பாள். இன்றைக்கு அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டுவிட்டு டாக்டர் கன்னத்தைத் தட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரி மரத்துக் கிடந்தது மனசு.

அவள் புருஷன் சாமுவேல் இந்தத் தோட்டத்தில் மருந்து அடிக்கிற ஆள். முந்தாநாள் முதல் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறான். தோட்டத்துக்கு வாங்கிக் கொடுத்த மருந்தை விற்றுவிட்டு, வெறும் தண்ணீரை அடித்து மோசம் பண்ணிவிட்டான் என்று புகார். இன்று பொழுது சாய்வதற்குள் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதாக இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் ஜெயில்தான்.

ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் உம்மல் குல்சும், புளியமரத்தடியில் ஒரு பெண் அழாமல் பேசாமல் உட்கார்ந்தே இருப்பதைப் பார்த்தாள். கொடுத்த டீ ஆடை கட்டி ஆறிப்போனது. அந்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மகள் சாஜிதாவுக்குப் போன் போட்டு, “உங்க சாரைக் கூட்டிட்டு உடனே வா, இல்லாட்டி வீட்டுப் பக்கம் வராதே” என்று சொல்லிவிட்டாள். வரதராஜுலுவின் பழைய பியட் சிறுவாணி ரோட்டில் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தது அப்படித்தான்.

“உங்க புருஷன் திருடியிருக்க மாட்டார்னு நம்பறீங்களாம்மா?” என்று காரில் வரும்போது அவர் கேட்டார்.

“அவரு அப்படிப்பட்டவரு இல்லீங்க” என்றாள் செவ்வந்தி. வாய்தான் சொன்னது. உள்ளே கேட்டுப் பார்த்தால் ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. சாமுவேல் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளும் பிடித்துக்கொண்டிருப்பாள். போலீஸ்காரர் கையைப் பிடித்தபோது, மண்ணைப் பார்த்துக்கொண்டே ஜீப்பில் ஏறினான் அந்த மனுஷன். திருடாதவன் அப்படியா ஏறுவான்?

தோட்டத்துக்காரர் பொங்கியண்ணன் வரப்பில் வந்தார். செவ்வந்தி வீட்டில் அவரைப் பண்ணாடி என்றுதான் சொல்வார்கள். தோளில் துண்டு, முகத்தில் ஒரு வாரத் தாடி.

“ஏனுங்க, துப்பறியறவருங்களா? வாங்க, நல்லாப் பாருங்க. வருசம் முச்சூடும் பாடுபட்டது கண்ணு முன்னால கருகுது. இதுல துப்பறிய என்னங்க இருக்குது?”

“மருந்து வாங்கினது யாருங்க?”

“நாந்தானுங்க. கடைவீதில சபரீசு கடை. எம்பட தங்கச்சி பையன். நம்ம தோட்டத்துக்கு எப்பவும் நீல மூடி மருந்துதான். நாலு பாட்டில் வாங்கி சாமுவேலு கையில குடுத்தேன். அடுத்தநா வெடிய நான் அந்தியூர்ச் சந்தைக்கு மாடு புடிக்கக் கெளம்பிட்டனுங்க. ‘அடிச்சு முடிச்சுப்போடு’ன்னு சொல்லிட்டுத்தான் போனேன். வந்து பாத்தா இந்தக் கோலம்.”

“அவர் அடிச்சேன்னு சொன்னாரா?”

“சொன்னான். வாயில என்ன வேணா சொல்லலாமே! நாலு பாட்டில் நமக்கு ரெண்டு தரத்துக்கு வரும். மிச்சம் எங்கடான்னா, தீந்துபோச்சுங்கறான். ரெண்டு தரத்து மருந்து ஒரே தரத்துல எப்படிங்க தீரும்? சரி, காலி பாட்டிலக் காட்டுடான்னா, ஒடச்சுப் பொதச்சுட்டேங்கறான். எந்த ஊர்லீங்க பாட்டில ஒடச்சுப் பொதைக்கறாங்க? கழுவிப்போட்டு மண்ணெண்ணெ ஊத்தி வெப்பமா, மாட்டமா?”

“பாட்டில்லயே அப்படித்தானுங்க போட்டிருக்கும். உபயோகித்த பின் உடைத்துப் புதைக்கவும்னு” என்றாள் சாஜிதா.

“அதையெல்லாம் ஆரு அம்மணி படிக்கறா?”

வரதராஜுலு தும்மலை நடுவிலேயே நிறுத்திக்கொண்டு அவரைப் பார்த்தார். “சாமுவேல் படிப்பாரோ?” என்று செவ்வந்தியிடம் திரும்பினார்.

“சர்ச்சுப் பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் போனாருங்க. வேர்க்கடலை மடிச்ச காயிதத்தக்கூடப் பிரிச்சுப் படிப்பாருங்க.”

“வாங்க, கடைக்குப் போவோம்” என்றார் வரதராஜுலு.

மருந்துக் கடை சபரீஷ் இளவட்டம். விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு, வேலை தேடிச் சலித்து, கடை போட்டு உட்கார்ந்தவன். துப்பறிபவர் என்று கேட்டதுமே முகம் வெளிறியது.

“போலி மருந்துன்னு எம்மேல கேஸுங்களா?”

“இன்னும் இல்லீங்க. உட்கார ஸ்டூல் போட்டா யோசிப்போம்” என்றாள் சாஜிதா.

மூன்று ஸ்டூல் வந்தது. செவ்வந்தி உட்காரவில்லை. கதவோரம் நின்றாள்.

“இந்த நீல மூடி என்ன பண்ணும், எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க” என்றார் வரதராஜுலு. “திராட்சையைத் தின்னத்தான் எனக்குத் தெரியும்.”

“இது சிஸ்டமிக் மருந்துங்க. ஊடுருவிப் பாயற மருந்து. கந்தகம்னா இலை மேலாப்புல ஒக்காந்துக்கும், மழை பேஞ்சா கழுவிட்டுப் போயிரும். இது அப்படியில்லீங்க. ஒரு நேரம் காஞ்சாப் போதும், இலைக்குள்ள எறங்கிரும். அப்பறம் எத்தனை மழை வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது.”

“உள்ளே போய்?”

“சாம்பல் நோயிங்கறது ஒரு பூஞ்சாணமுங்க. இலைக்கு மேல படுத்துக்கிட்டு, தோலுக்குள்ள சின்னச் சின்ன உறிஞ்சுகுழாய எறக்கிச் சத்தைக் குடிக்கும். குடிக்கறப்ப மருந்தையும் சேத்துக் குடிக்குமில்லீங்களா? அது ஒடம்பக் கட்டறதுக்கு ஒரு கொழுப்பைத் தானே தயார் பண்ணிக்கோணும். மருந்து அதைத் தயார் பண்ண விடாது. சிமென்டு இல்லாம செவுரு வெக்கறாப்பல, எழும்ப எழும்ப இடிஞ்சுரும்.”

“எங்க வீட்டு மாடி ரூம் கட்டின கொத்தனாரும் இதே மருந்துதான் குடிச்சிருப்பார்” என்றாள் சாஜிதா.

“செடி முழுக்கப் பரவுமா?”

“அதுதான் இல்லீங்க. தண்ணி போற வழியில மேல ஏறும். இலை நுனி வரைக்கும் போகும். கீழ எறங்காது. பக்கத்துக் கொடிக்கும் தாண்டாது. எது மேல பட்டுதோ அதைத்தான் காப்பாத்தும்.”

“சரி, சாமுவேல் இதை அடிச்சாரா, தண்ணியை அடிச்சாரான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“இலையப் பறிச்சு லேபுக்கு அனுப்போணுங்க. முடிவு வர நாளாகும்.”

“பொழுதோட கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்களே!” என்றாள் சாஜிதா. அவள் குரலில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லை.

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வரதராஜுலு கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“இன்னொண்ணு கேட்கணும். உங்க மாமா தோட்டத்துக்கு ஒரு தரம் அடிக்க எத்தனை பாட்டில் வேணும்?”

“லேபிள் அளவுப்படி நாலுங்க.”

“அவர் ரெண்டு தரத்துக்கு வரும்கறாரே!”

சபரீஷ் நெளிந்தான். “மாமா எப்பவும் பாதிதானுங்க கலக்குவாரு. கடைக்காரன் சொல்ற அளவு யாவாரத்துக்காக ஏத்திச் சொல்றதும்பாரு. நான் சொன்னா எடுபடாதுங்க. எனக்குக் கோமணம் கட்டிவிட்டவரு அவரு.”

“அப்ப சாமுவேல் தனியா இருந்த அன்னிக்கு லேபிளைப் படிச்சு அந்தப்படியே கலந்திருந்தா, நாலும் தீர்ந்திருக்கும். பண்ணாடி சொன்ன அளவை மீறிட்டோம்னு பயத்துல வாயையும் திறந்திருக்க மாட்டார்.” வரதராஜுலு செவ்வந்தியைப் பார்த்தார். “இது எனக்குப் போதும். இன்ஸ்பெக்டருக்குப் போதாது. ஏம்மா, அந்தத் தோட்டத்துல திராட்சையைத் தவிர வேற ஏதாவது இருக்கா?”

“ஒண்ணும் இல்லீங்க” என்ற செவ்வந்தி சற்று யோசித்தாள். “ஒரு பூசணிக் கொடி இருக்குதுங்க. வாய்க்கா ஓரத்துல. நாந்தான் வெதை போட்டேன்.”

“எங்கே படர்ந்திருக்கு?”

“ரெண்டு கொப்புங்க. ஒண்ணு வேலிப் பக்கம் தரையில ஓடுது. இன்னொண்ணு நடக்கற வழியில வந்துச்சு, மருந்தடிக்கற ட்யூப்ப இழுத்துட்டுப் போறதுக்கு எடைஞ்சல்னு அவரு சத்தம் போட்டாரு. அதைத் தூக்கிப் பந்தல்ல உட்டனுங்க.”

“எப்ப?”

“பண்ணாடி அந்தியூருக்குக் கெளம்புன அன்னிக்கு வெடியாலீங்க. அதுக்கப்பறந்தான் இவரு மருந்து கலக்கினாரு.”

சபரீஷ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “பூசணிக்கும் சாம்பல் நோய் வருமுங்க! ஆனா அது வேற சாம்பல். பாக்கறதுக்கு ஒண்ணாட்டம் இருக்கும். திராட்சைல இருக்கறது பூசணிக்கு ஏறாது, பூசணில இருக்கறது திராட்சைக்கு ஏறாது. ரெண்டுக்கும் நீல மூடி கேக்கும்.”

“எல்லாரும் வண்டியில ஏறுங்க. சார், தயவுசெஞ்சு இந்தத் தடவையாவது மூணாவது கியர் போடுங்க” என்றாள் சாஜிதா.

வாய்க்கால் ஓரத்துக்கு வந்ததும் செவ்வந்தியின் கால் நின்றுவிட்டது. இரண்டு கொப்பும் வெளுத்துக் கிடந்தால் அவள் புருஷன் திருடன். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. பார்க்காமலே திரும்பிப் போய்விட்டால் என்ன என்று நினைத்தாள்.

“அக்கா, வாங்க. நான் பிடிச்சுக்கறேன்” என்று சாஜிதா அவள் கையைப் பிடித்தாள்.

வேலிப் பக்கம் ஓடிய கொப்பில் இலைக்கு இலை வெள்ளை. வரதராஜுலு குனிந்து கைக்குட்டையால் ஒரு இலையைத் துடைத்தார். துணியில் மாவு மாதிரி ஒட்டியது. அப்படியே வேரடிக்கு வந்து, அதே வேரிலிருந்து கிளம்பிய மற்ற கொப்பைக் கையால் தடவிக்கொண்டே பந்தல் கால் வரைக்கும் போனார். அண்ணாந்து பார்த்தார்.

நாலாபக்கமும் சாம்பல் பிடித்த திராட்சை இலைகள். நடுவில் பூசணி இலைகள் மட்டும் அகல அகலமாய்ப் பச்சைப் பசேல் என்று விரிந்திருந்தன.

பொங்கியண்ணன் துண்டை உதறிக்கொண்டு வந்து சேர்ந்தார். “என்னங்க, பூசணிக்காய் பறிக்க வந்தீங்களா?”

“ஒரே வேர், ஒரே தண்ணி. கீழே இருக்கற கொப்புக்கு நோய், மேலே இருக்கறதுக்கு இல்லை. ஏனுங்க?”

“மேல வெயில் நல்லாப் படுதுங்க.”

“வேலிப் பக்கமும் வெயில்தானே அடிக்குது?”

“அப்ப கந்தகம் எதாச்சும் அடிச்சிருப்பான்.”

சபரீஷ் தலையைச் சொறிந்தான். “மாமா, கந்தகம் பட்டாப் பூசணி எலை பொசுங்கிருமுங்க. அதுவுமில்லாம, நீங்க வந்தப்பறம் ரெண்டு மழை பேஞ்சுது. இது நீல மூடிதான். உள்ள எறங்கியிருக்குது.”

“நீங்க சந்தைக்குக் கிளம்பின அன்னிக்கு விடியத்தான் இந்தக் கொப்பு பந்தல்ல ஏறியிருக்கு” என்றார் வரதராஜுலு. “நீங்க ஊர்ல இல்லாதப்ப யாரோ இந்தப் பந்தலுக்கு நீல மூடியை ஒழுங்கா அடிச்சிருக்காங்க. அது சாமுவேலைத் தவிர வேற யாருங்க?”

செவ்வந்தி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. தூரத்தில் யாரோ யாருக்கோ சொல்கிற சேதி மாதிரி இருந்தது.

பொங்கியண்ணன் ஒரு பூசணி இலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு குரல் உயர்ந்தது. “அப்பறம் எதுக்குங்க என்ற திராட்சை இப்படிப் போச்சு? அடிச்ச மருந்து எங்க போச்சு? சபரீசு, நீ சொல்றா!”

சபரீஷ் கீழே பார்த்துக்கொண்டே சொன்னான். “மருந்து கேக்கலீங்க மாமா. எத்தனை வருசமா இதே நீல மூடி? மாத்தி மாத்தி அடிங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ராசியான மருந்து, மாத்தமாட்டேன்னீங்க. அதையும் பாதி அளவு. பாதி மருந்துல நோஞ்சான் பூஞ்சாணம் சாகும், கெட்டியானது பொழச்சுக்கும். பொழச்சது குட்டி போடும். வருசா வருசம் அதையே பண்ணுனா, தோட்டம் பூராவும் மருந்துக்கு அசையாததுதானுங்க மிஞ்சும். சாமுவேலண்ணன் முழு அளவு அடிச்சப்ப அதுக்கு மருந்து ஒறைக்கவே இல்ல. பூசணிச் சாம்பலுக்கு இந்த மருந்து புதுசு, அது செத்துருச்சு.”

“திருடனைத் தேடிட்டு இருந்தோம்” என்றார் வரதராஜுலு. “திருட்டே நடக்கலை. இந்த நோயைப் பாலூத்தி வளர்த்து ஆளாக்கினது நீங்கதானுங்க.”

பொங்கியண்ணன் அப்படியே வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, “மொத வருசம் அடிச்சப்ப கொத்துக் கொத்தா என்னா ஒரு காப்பு தெரியுங்களா!” என்றார், யாரையும் பார்க்காமல். “அதனாலதான் மாத்த மனசு வல்லீங்க.”

“பொழுது எறங்குதுங்க. ஸ்டேஷனுக்குப் போலாமா?” என்றாள் சாஜிதா.

ஸ்டேஷன் வாசலில் வேன் தயாராக நின்றது. இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“பூசணிக்காய்ச் சாட்சியா? நல்லாத்தான் இருக்கு. ஆனா லேட்டா வந்துட்டீங்களே சார். மத்தியானமே ஒத்துக்கிட்டான். ‘ஆமாங்க, வித்துட்டேன்’னு அவன் வாயாலயே சொல்லிட்டான்.”

செவ்வந்திக்குக் காது அடைத்தது. வரதராஜுலு மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

“யாருக்கு வித்தாராம்?”

“தெரியலைங்கறான்.”

“எந்த இடத்துல?”

“ஞாபகமில்லைங்கறான்.”

“வித்தவனுக்கு வாங்கினவன் மூஞ்சிகூடத் தெரியாதா சார்? எத்தனை பேர் சேர்ந்து எத்தனை நேரம் கேட்டீங்க?”

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது. அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும் முன் பொங்கியண்ணன் முன்னால் வந்தார்.

“அய்யா, எம்பட மருந்து எம்பட தோட்டத்துலதானுங்க இருக்குது. என்ற கண்ணுல பாத்துட்டுத்தான் வாரேன். களவு போகாத பொருள அவன் எப்படிங்க விக்க முடியும்? நான் குடுத்த புகார நானே வாங்கிக்கறேன். ஆள உட்ருங்க.”

இன்ஸ்பெக்டர் முணுமுணுத்தார், அவரைத் திட்டினார், வரதராஜுலுவை முறைத்தார். கடைசியில் ஏட்டுக்குக் கை காட்டினார்.

சாமுவேல் வெளியே வந்தான். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தான். பொங்கியண்ணன் தொண்டையைச் செருமினார். “சாமுவேலு, காலையில வேலைக்கு வந்துரு” என்றார். அவ்வளவுதான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

“மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்தை இருக்கு. அதையும் லேபிள்ல சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க போல” என்று சாஜிதா அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

காரில் கொண்டுபோய் விடுவதாக வரதராஜுலு சொன்னார். சாமுவேல் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். புருஷனும் பெண்சாதியும் ரோட்டோரமாக நடந்தார்கள். அவன் முன்னால், அவள் இரண்டடி பின்னால். ஊர் எல்லையைத் தாண்டினார்கள்.

செவ்வந்தியால் அதற்குமேல் முடியவில்லை. பந்தலில் தெரிந்துகொண்டதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

“ஏனுங்க, நானும் உங்களச் சந்தேகப்பட்டேனுங்க. உங்களக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு ஊட்டப் பூராவும் கெளறிப் பாத்தேன். தகரப்பொட்டி, கோழிக்கூடு, கூரைச் சந்து, ஒண்ணு விடாம.”

சாமுவேல் நின்றான். அடிப்பானோ, திட்டுவானோ, எதுவாக இருந்தாலும் வரட்டும் என்று அவளும் நின்றாள்.

அவன் மெதுவாகத் திரும்பினான்.

“ஏதாச்சும் கெடச்சுதா?” என்று கேட்டான்.

குத்திக் காட்டுகிறானோ என்று செவ்வந்தி அவன் முகத்தைப் பார்த்தாள். இல்லை. கோபமில்லை, கிண்டலில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. ஆளாளுக்கு நீதான், நீதான் என்று சொல்லிச் சொல்லி, தான் விற்றோமா விற்கவில்லையா என்பதையே அந்த மனுஷனிடமிருந்து பிடுங்கிவிட்டிருந்தார்கள்.

முந்தாநாளிலிருந்து அவளுக்குள் மரத்துக் கிடந்தது அந்த இடத்தில் விட்டுப்போயிற்று. நடுரோட்டில் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஒண்ணுமே கெடைக்கலீங்க. நீங்க விக்கல. கேக்குதுங்களா? நீங்க மருந்து அடிச்சீங்க. முழுசா அடிச்சீங்க. விக்கவே இல்லீங்க.”

“நெசமாவா?” என்றான் சாமுவேல்.

அவள் அழுதுகொண்டே திரும்பவும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.